ஒன்றாம் எண் கயிறு

லாக்கீ, டண்டி
9 மார்ச் 2014

அன்புள்ள டூகல்,

உன் அண்ணி எஃபி எழுதுகிறேன். போனில் பேசினால் உனக்குக் கேட்காது, உருக்காலை உன் காதைத் தின்றுவிட்டது என்று உன் மனைவி ரீட்டா சொன்னாள். அதனால்தான் காகிதம். பதினைந்து வயதில் சணல் ஆலைக்குப் போனவள் நான். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், எனக்குத் திருப்பி அனுப்பாதே.

பூவளையம் வந்தது. நல்ல பூ. அட்டையில் ‘கார்பியிலிருந்து’ என்று மட்டும் போட்டிருந்தாய். ஊரே சேர்ந்து அனுப்பியதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அண்ணன் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அழுகை ஒரு பக்கம் நடக்கிறது, அதை எழுதி என்ன. கஷ்டம் வருவது ரேடியோவில்தான். லண்டன்காரர் யாராவது பேச ஆரம்பித்தால் நான் கை வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன், ஆர்ச்சி திட்டுவார் என்று. யாரும் திட்டுவதில்லை. அவர்கள் சொல்வதெல்லாம் பதில் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எரித்தாகிவிட்டது. அஸ்திப் பெட்டி டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பால்கே குன்றில் உங்கள் அப்பா அம்மா இருக்கிற குழியிலேயே அடக்கம் செய்ய வேண்டும். சின்னப் பெட்டி, இறக்குவதற்கு நாலு கயிறு போதும் என்று அடக்கம் செய்து கொடுக்கிறவர் சொன்னார். எண் போட்ட அட்டைகளும் கொடுத்துவிட்டார். தலைமாட்டுக் கயிறு, ஒன்றாம் எண், மூத்த மகனுக்கு. மகன் இல்லாவிட்டால் கூடப்பிறந்தவனுக்கு. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். “ஒண்ணாம் நம்பர் யாருக்குங்க?”

கண்ணைத் திறக்காமலே சொன்னார். “டூகலுக்கு. அவன் வரலேன்னா யாருக்கும் இல்ல, சும்மா கெடக்கட்டும். வந்தான்னா பேச மட்டும் விடாத.”

முப்பத்தைந்து வருஷம் நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. எல்லாம் சாவு வீட்டில் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு ஸ்டேக் பையால் வந்த வினை. எப்போது வருகிறாய் என்று எழுது. நீ சொல்கிற நாளில் வைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி
எஃபி


கார்பி
21 மார்ச் 2014

அண்ணிக்கு,

தொழிற்சங்கத்தில் தீர்மானம் எழுதிப் பழகிய கை. ஒவ்வொன்றாகத்தான் எழுத வரும்.

முதலாவது. அது ஸ்டேக் பையால் வந்ததல்ல. நான் சொன்ன ஜோக்கால் வந்தது. நீங்கள் அப்போது அடுப்படியில் இருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். 1979, பிப்ரவரி. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். வாக்கெடுப்பு நெருங்கிவிட்டது. ஸ்காட்லாந்துக்கென்று சொந்தமாக ஒரு சபை வேண்டுமா, வேண்டாமா. அதிகம் பேர் ‘ஆமாம்’ போட்டால் மட்டும் போதாது, பட்டியலில் உள்ளவர்களில் நூற்றுக்கு நாற்பது பேராவது போட்டிருக்க வேண்டும் என்று லண்டனில் ஒரு விதி வைத்திருந்தார்கள். போடாமல் வீட்டில் இருந்தவன், படுத்துக் கிடந்தவன், செத்தவன் எல்லாம் ‘வேண்டாம்’ மாதிரிதான். செத்தவர்களைக் குத்துமதிப்பாகக் கழித்துவிட்டோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அண்ணன் ‘ஆமாம்’ பக்கம், நான் ‘வேண்டாம்’ பக்கம். அவர் அதை நம்பவில்லை, நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா எப்பவும் சின்னவன் பக்கந்தான். இப்பப் பாரு, போறப்பவும் எனக்குத்தான் ஓட்டுப் போட்டுட்டுப் போயிருக்கா.”

பாதிரியாரே சிரித்தார். அண்ணன் ஸ்டேக் பையைத் தட்டோடு எறிந்தார். கழுத்தில் கை வைத்து வாசலுக்குத் தள்ளினார். பெற்றவளின் சாவுச் சாப்பாட்டை நான் ரயில் நிலையத்தில் ஒரு ரொட்டியோடு முடித்தேன்.

இரண்டாவது. இந்த செப்டம்பரில் மறுபடியும் வாக்கெடுப்பு. இந்தத் தடவை தனி நாடே கேட்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து குடிவந்தவருக்கு ஓட்டு, போலந்திலிருந்து வந்தவருக்கு ஓட்டு, பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஓட்டு. அண்ணன் பிறந்த அதே கட்டிலில் பிறந்த எனக்கு இல்லை, இங்கிலாந்தில், கார்பியில் குடியிருக்கிறேன் என்பதால். நான் சுற்றுலாவுக்கா வந்தேன்? வேலை தேடி வந்தேன்.

மூன்றாவது. ஆகவே வருவதற்கில்லை. கயிற்றை உங்கள் மருமகன் பிடிக்கட்டும்.

டூகல்

பின்குறிப்பு: பூவளைய அட்டையில் பேர் எழுத மூன்று தடவை பார்த்தேன். முடியவில்லை.


டண்டி
14 ஏப்ரல்

அன்புள்ள டூகல்,

மருமகன் நியூசிலாந்தில் இன்னொருத்தியோடு இருக்கிறான். மகள் ஷீனா அவனைத் துரத்தி ஏழு வருஷம் ஆகிறது. நீ பேச்சு வார்த்தையில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தத் தட்டு என் கல்யாணத் தட்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ சண்டை போட்ட ஆர்ச்சி வேறு, போன ஆர்ச்சி வேறு. நீ பாதியில் எழுந்து போனவன், மீதியை நான் சொல்கிறேன்.

அறுபதுகளில், தனி ஸ்காட்லாந்து கேட்ட தன் கட்சியின் கூட்டத்துக்கு என்னை முதல் தடவை அழைத்துப் போனார். ஒரு ஹோட்டலின் பின்அறை. ஏழு பேர், அதில் ஒருத்தர் மழைக்கு ஒதுங்கியவர். கில்ட் என்கிற முட்டிவரைப் பாவாடை கட்டிய ஒரு பெரியவர் கேலிக் பாஷையில் அரை மணி பேசினார். டண்டியில் யாருக்கு கேலிக் தெரியும்? எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இன்னொருத்தர் ரத்தம், மலை, முன்னோர் என்று அழுதார். தபால் பெட்டியில் ராணியின் பேருக்குப் பக்கத்தில் ‘இரண்டு’ என்று போட்டுவிட்டார்களாம், நமக்கு முதலாம் எலிசபெத்தே கிடையாதே என்று. நான் ஏழு பேருக்கும் சாண்ட்விச் போட்டேன். கட்சி அவ்வளவுதான்.

பிறகு கடலில் எண்ணெய் கிடைத்தது. ஒரே நாளில் கவிதை போய்க் கணக்கு வந்தது. கூட்டத்துக்கு வாலிபர்கள் வந்தார்கள், பீப்பாய்க்கு எவ்வளவு என்று பேசினார்கள். கில்ட் பெரியவருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு நாற்காலி. எனக்கு சாண்ட்விச் வேலை பத்து மடங்கு.

எழுபத்தொன்பதில் ‘ஆமாம்’ போட்டவர்கள்தான் அதிகம். ஆனாலும் சபை வரவில்லை. நாற்பது விதி. அப்புறம் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். ஆர்ச்சி சட்டையில் குத்தியிருந்த கட்சி பேட்ஜைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டுத் தோட்டத்தில் வெங்காயத்தாள் வளர்த்தார். நல்ல வெங்காயத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஆலை ஆலையாக மூடினார்கள். தலைவரி என்று ஒன்று போட்டார்கள், அதுவும் இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே எங்களுக்கு. உன் லேபர் கட்சிக்காரர்கள், ஆர்ச்சியைப் பைத்தியம் என்றவர்கள், அதே வாயால், “நாம ஒண்ணுக்கு ஓட்டுப் போடறோம், வர்றது வேற ஒண்ணு” என்று பேச ஆரம்பித்தார்கள். கில்ட்டும் இல்லை, கேலிக்கும் இல்லை. தொண்ணூற்றேழில் மறுபடி கேட்டார்கள், பார்லிமெண்ட் வந்துவிட்டது. ஆர்ச்சி தெருவுக்கே மீனும் சிப்ஸும் வாங்கிக் கொடுத்தார். என் காசில்.

இப்போது பேத்தி கிர்ஸ்ட்டியின் கூட்டம். பதினேழு வயது அவளுக்கு. ரத்தம் என்று ஒருத்தர் வாயிலும் வருவதில்லை. பிள்ளைகள் காப்பகம், ஓய்வூதியம், கிளைட் நதிமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் கிடக்கிற அணுகுண்டு. வீடு வீடாகக் கதவு தட்டுகிற கும்பலுக்குத் தலைவி ஜோசி, இங்கிலாந்து லீட்ஸ்காரி. போன வருஷம் அவள் நம் வீட்டுக்கு வந்தபோது உன் அண்ணன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

“நீ எந்த ஊரும்மா?”

“லீட்ஸ்.”

“அப்ப உனக்கு இதுல என்ன?”

“நான் இங்கதாங்க இருக்கேன். வாடகை இங்க, வேலை இங்க. மழையும் எம்மேலதான் பெய்யுது.”

ஆர்ச்சி பிஸ்கட் தின்றார். அடுத்த நாள் தன் பழைய மழைக்கோட்டைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார். அவள் அதற்குள் இரண்டு தடவை நுழையலாம்.

அப்படி மாறிய மனுஷன்தான் உனக்கு ஒன்றாம் எண் வைத்திருக்கிறார். வா.

எஃபி


கார்பி
27 ஜூலை

அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஊர் ஹைலாண்ட் திருவிழா வேலை இருந்தது. இந்த வருஷம் பைப் இசைக்காரர்கள் அதிகம். நான் கில்ட்டில் நடுவர் மேடையில் இருந்தேன். ரீட்டா எடுத்த போட்டோ இத்துடன்.

உங்கள் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். சாண்ட்விச் இடத்தில் சிரித்தாள். மழைக்கோட்டு இடத்தில் என்னைப் பார்த்தாள். அவளும் இங்கிலீஷ்காரிதான், என்னோடு நாற்பத்தாறு வருஷம் இருக்கிறாள். எனக்கு அண்ணனிடமிருந்து ஒரு கைக்குட்டைகூட வரவில்லை என்பது அவள் கணக்கு. எனக்கும் அதே கணக்குதான்.

தீர்மானம் எதுவும் இல்லாமல் ஒன்று சொல்கிறேன். ‘ஆமாம்’ ஜெயித்துவிட்டால் நான் வெளிநாட்டுக்காரன். கடையில் இருக்கிற பையன், “எந்த நாடுங்க?” என்று கேட்பான். என் பேச்சைக் கேட்டு இங்கே எல்லோரும் ஸ்காட்லாந்துக்காரன் என்கிறார்கள், ஐம்பது வருஷமாக. அங்கே போனால் இங்கிலாந்துக்காரன் என்பார்கள். பெற்றவள் குழிமேல் விருந்தாளியாக நிற்க என்னால் ஆகாது.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். செப்டம்பர் வரட்டும். ‘வேண்டாம்’ ஜெயித்தால் வருகிறேன், கயிற்றைப் பிடிக்கிறேன். ‘ஆமாம்’ ஜெயித்தால் என்னை எதிர்பார்க்க வேண்டாம். உங்களிடம் ஒரு ஓட்டு இருக்கிறது. என்னிடம் இல்லை.

டூகல்


டண்டி
5 ஆகஸ்ட்

டூகல்,

போட்டோ பார்த்தேன். முட்டி நன்றாக இருக்கிறது.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே தெரிகிறதா? நான் ‘வேண்டாம்’ போட்டால் என் புருஷனுக்குத் தலைமாட்டில் தம்பி. ‘ஆமாம்’ போட்டால் தலைமாடு காலி. ஓட்டையும் கயிற்றையும் ஒரே முடிச்சில் போட்டு என் கையில் கொடுக்கிறாய். லண்டன்காரன்கூட நாற்பது விதியோடு நிறுத்திக்கொண்டான்.

ஆர்ச்சி இருந்தவரை அவர் சொன்ன கட்டத்தில் குறி போட்டேன். இந்தத் தடவைதான் வீட்டில் யாரும் சொல்வதற்கில்லை. டிவியில் வருகிற வாதங்களை அஸ்திப் பெட்டியோடு உட்கார்ந்து கேட்கிறேன். கிர்ஸ்ட்டி அதன்மேல் ‘ஆமாம்’ பேட்ஜ் ஒன்றைக் குத்தி வைத்தாள். எடுத்துவிட்டேன். “தாத்தாவுக்குப் பிடிக்கும் பாட்டி” என்றாள். “தாத்தா பேசி முடிச்சாச்சுடி. இப்ப நான் யோசிக்கிறேன், தொந்தரவு பண்ணாத” என்றேன்.

உன்னைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? கில்ட், பைப், மலை, ரத்தம், பிறந்த கட்டில். அந்த ஹோட்டல் பின்அறையில் பேசியதெல்லாம் இப்போது கார்பியில்தான் இருக்கிறது. இங்கே பிள்ளைகள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஓய்வூதியம் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஓட்டு இல்லையே என்று உன்னைப்போல் துடிக்கிறவனை நான் இந்தத் தெருவிலேயே பார்க்கவில்லை. ஆர்ச்சி இருந்தால் உறுப்பினர் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார்.

நாள் குறித்துவிட்டேன். செப்டம்பர் 22, திங்கட்கிழமை, பதினோரு மணி, பால்கே. எது ஜெயித்தாலும் அதே நாள்தான். பெட்டியை நான் எடுத்து வருகிறேன். இரண்டாம் எண் ஷீனா. மூன்று கிர்ஸ்ட்டி. நான்கு ஜோசி.

ஒன்று உனக்கு. நீ வராவிட்டால் அது புல்மேல் கிடக்கும். வந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எஃபி


கார்பி
10 செப்டம்பர்

அண்ணிக்கு,

மூன்றும் பெண்களா? அம்மாவை இறக்கியபோது பெண்கள் யாரும் குன்றுக்கே வரவில்லை. நான்காவது லீட்ஸ். அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிடப் போகிறார்.

பேப்பரில் கருத்துக்கணிப்பு பார்த்தேன். உங்கள் பக்கம் முந்துகிறதாம். ரீட்டா டிக்கெட் வாங்கி வைத்துவிட்டாள். நான் சொன்னது சொன்னதுதான். டிக்கெட்டைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். அவள் தனக்குக் கேட்காத மாதிரி இருக்கிறாள். செவிடன் நானா அவளா தெரியவில்லை.

காத்திருக்காதீர்கள்.

டூகல்


டண்டி
19 செப்டம்பர், வெள்ளி காலை

டூகல்,

கிர்ஸ்ட்டியின் சிநேகிதன் காரில் தெற்கே போகிறான், இதை உன் கதவில் போட்டுவிடுவான்.

உன் பக்கம் ஜெயித்துவிட்டது. எங்கள் ஊர் ‘ஆமாம்’ என்றது, நாடு ‘வேண்டாம்’ என்றது. இந்தத் தடவை விதி, தந்திரம் ஒன்றும் இல்லை. எண்ணினார்கள், குறைந்தது. கிர்ஸ்ட்டி போர்வைக்குள் இருக்கிறாள். ஜோசி அடுப்படியில் உட்கார்ந்து என் ரொட்டியை எல்லாம் டோஸ்ட் போட்டுக்கொண்டிருக்கிறாள், தின்ன ஆள் இல்லை. எனக்கு வாய்விட்டு அழ வந்தது. நாட்டுக்காகவா அவருக்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இப்போது நான் ஒரு விதி வைக்கிறேன். ஜெயித்ததற்காக வருவதானால் வராதே. என் வீட்டில் அதற்கு இடம் இல்லை. உன் அண்ணன் செத்துப்போனார். அதற்காக வருவதானால், திங்கட்கிழமை, பதினோரு மணி.

எஃபி


கார்பி
1 அக்டோபர்

அன்புள்ள அண்ணி,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டிக்கொடுத்த பொட்டலம் எடின்பரோ தாண்டுவதற்குள் காலி. ரீட்டா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள், அந்த லீட்ஸ் பெண்ணுக்குக் கோட்டைப் பிடித்துத் தைத்துத் தர வேண்டும் என்று.

உங்களிடம் அங்கே சொல்லாததைச் சொல்கிறேன். ரயிலில் வரும்போது மூன்று ஜோக் தயாராக வைத்திருந்தேன். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்தவன், சும்மா வர முடியுமா? எடின்பரோவில் ஒன்றை விட்டேன். டே நதிப் பாலத்தில் இன்னொன்று போயிற்று. மூன்றாவது நல்ல ஜோக். அதை வாசலில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

கிர்ஸ்ட்டி கதவைத் திறந்தாள். கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, எழுபத்தொன்பதில் என்னைத் தள்ளும்போது அண்ணன் முகம் எப்படி இருந்ததோ அப்படியே. நான் அன்று அது கோபம் என்று நினைத்தேன். அவள் எண் போட்ட அட்டையை என் கையில் வைத்தாள். ஜோக் மறந்துவிட்டது. இப்போதும் நினைவில்லை, மெய்யாகத்தான்.

சாப்பாட்டில் அவள் என்னைக் கேட்டதை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. “உங்களுக்கு ஓட்டுக் குடுத்திருந்தா என்ன போட்டிருப்பீங்க சின்னத் தாத்தா?” “வேண்டாம்னுதான். அடுத்த தடவை எனக்கும் ஓட்டு வாங்கிக் குடு, நேரா வந்து வேண்டாம்னு போடறேன்” என்றேன். “அடுத்த தடவையா?” என்று ஜோசியைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் அன்றைய முதல் சிரிப்பு. என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

குழியைப் பற்றி. பெட்டி அடியில் தட்டியதும் மற்ற மூன்று பேரும் கயிற்றைப் போட்டுவிட்டார்கள். நான் விடாமல் நின்றதற்கு யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிக்க இவ்வளவு காலம் ஆயிற்று, விட எவ்வளவு நேரம் என்று கணக்குத் தெரியவில்லை. நீங்கள் வந்து கையைத் தொட்டு, “போதும் டூகல், விடு” என்று சொல்லாவிட்டால் இன்னும் அங்கேதான் நின்றிருப்பேன்.

ஒரு கேள்வி. அந்தக் குழியில் இன்னும் இடம் இருக்கிறதா? ரீட்டா இங்கேயே தன் அம்மாவின் குழியில் இருப்பேன் என்கிறாள், நான் எங்கே போனாலும் அவளுக்குச் சம்மதம். கேட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. நீங்கள் எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்?

உங்கள் கொழுந்தன்
டூகல்


டண்டி
12 அக்டோபர்

அன்புள்ள டூகல்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சொல்ல மாட்டேன். கிர்ஸ்ட்டியும் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஐம்பது வருஷத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே ரகசியம், அதை ஏன் விட வேண்டும்? நீ எழுதிய நிபந்தனைக்காகவும் போடவில்லை, அவர் அலமாரியில் வைத்த பேட்ஜுக்காகவும் போடவில்லை. அது மட்டும் தெரிந்துகொள்.

இங்கே தோற்றவர்கள் மாதிரி யாரும் இல்லை. கட்சியில் சேரக் கூட்டம் கூட்டமாக வருகிறார்களாம். ஜோசி இடம் போதவில்லை என்று பெரிய மண்டபம் தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு மறுபடி சாண்ட்விச் வேலை. இந்தத் தடவை, “கூப்பிட்டவங்களே வெண்ணெய் தடவிக்கட்டும், நான் உக்காந்து கேக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். ஒரு பையன் நீளமாகப் பேசினான். ஆர்ச்சி இல்லாததால் நானே, “சுருக்கமா சொல்லுப்பா” என்றேன். கை தட்டினார்கள்.

டிவிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. தூசி தட்டும்போது சுற்றித் தட்டுகிறேன், இன்னும் பெட்டி இருக்கிற மாதிரி. போகப் போகச் சரியாகும்.

குழி விஷயம் பால்கே ஆபீஸில் கேட்டேன். சாம்பலாக வந்தால் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதாம். எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. நீ எந்த நாட்டுக்காரன் என்று அந்த ஆபீஸில் யாரும் கேட்கவில்லை, பேரை எப்படி எழுத வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அண்ணனும் நீயும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், என்னை நடுவில் போடக் கூடாது. உங்கள் சண்டைக்கு நடுவில் நான் இருந்தது போதும்.

எனக்கு எழுபத்தைந்து, உனக்கு எழுபத்திநாலு. யார் முந்துவது என்று தெரியாது. அதனால் இப்போதே பேசிக்கொள்வோம். நீ முந்தினால் உன் தலைமாட்டில் ஒன்றாம் எண் நான் பிடிக்கிறேன். நான் முந்தினால் நீ வந்து பிடி. ஷீனாவிடம் சொல்லிவிட்டேன், சரி என்றாள்.

அவசரம் ஒன்றும் இல்லை. புது வருஷத்துக்கு ரீட்டாவை அழைத்துக்கொண்டு வா. ஸ்டேக் பை செய்கிறேன், உட்கார்ந்து முழுசாகத் தின்றுவிட்டுப் போ.

உன் அண்ணி
எஃபி